நல்ல செம்பேன்

1

நெதர்லாந்துக்கு வந்த நாளை நான் கொண்டாடுவதில்லை. மறக்கவும் முடியாது. என் குடியிருப்பு அட்டை அந்தத் தேதியில்தான் காலாவதியாகும். இந்த ஆண்டும் ஆனது. புதுப்பிக்க விண்ணப்பித்தாகிவிட்டது, பரிசீலனையில் இருப்பதாகப் பதிலும் வந்துவிட்டது. பரிசீலனை முடியும்வரை இங்கே இருக்கலாம், வேலை பார்க்கலாம், வரி கட்டலாம். வெளிநாடு போனால் மட்டும், திரும்பி வருவதற்கு பாஸ்போர்ட்டில் ஓர் ஒட்டுச்சீட்டு வேண்டும். அந்தச் சீட்டுக்குத் தனியாக நேரம் குறித்து வாங்க வேண்டும்.

வழக்கமாக இதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. இந்த முறை கவலைப்பட்டேன். என் தங்கை மலர் திண்டுக்கல்லில் ஏழு மாதக் கர்ப்பிணி. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அவள் இருக்கும் நாகல் நகர்த் தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் டெங்குக் காய்ச்சல். மலருக்குக் கல்யாணமான புதிதில் ஒருமுறை வந்து போயிருக்கிறது. இரண்டாவது முறை வந்தால் முதல் முறையைவிட மோசமாகலாம். வயிற்றில் பிள்ளையோடு வந்தால் என்ன ஆகும் என்று படித்துத் தெரிந்துகொண்டவள் நான். தெரியாமல் இருந்திருந்தால் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அவளுக்கு வரக் கூடாது. அந்த மழைக்காலம் முழுக்க என் மனதில் இருந்தது இது ஒன்றுதான்.

குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாத ஊரில், தண்ணீரைப் பிடித்து வைக்காதீர்கள் என்று சொல்ல முடியாது. எல்லா வீட்டிலும் டிரம் இருக்கிறது. டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் பாடுபட்டுப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். டிரம்மை மூடு, வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவு என்று மலரிடம் சொன்னேன்.

“அதை முனிசிபாலிட்டிக்காரங்களே வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்க. நீ அம்புட்டுத் தூரம் போயிப் படிச்சது இதுக்கா? எனக்கு ஒரு டப்பா அனுப்புக்கா.”

“என்ன டப்பா?”

“அந்தச் செவப்புப் பூச்சிதான். கொசு மேல ஏறி உக்காந்து உறிஞ்சுமே. நம்ம ரத்தத்தைக் குடிக்கிறவன அது குடிக்கட்டும். கூரியர்ல போடு.”

2

அந்தச் சிவப்புப் பூச்சிதான் என் வேலை. சரியாகச் சொன்னால் அது பூச்சி அல்ல. எட்டுக் கால், சிலந்தி வகை. நன்னீரில் வாழும் சிற்றுண்ணி. வளர்ந்தது ஒரு கசகசா அளவு இருக்கும். குஞ்சைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். கொசு தண்ணீருக்குள் கூட்டுப்புழுவாக இருக்கும்போதே இந்தக் குஞ்சு அதைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் காத்திருக்கும். கூட்டை உடைத்துக்கொண்டு கொசு வெளியே வரும் அந்தக் கணத்தில் அதன் உடம்பில் ஏறிக்கொள்ளும். குத்தி, உறிஞ்சி, ஊதிச் சிவப்பு மணியாகும். அந்தக் கொசு மறுபடி முட்டையிடத் தண்ணீருக்கு வரும்போது இறங்கிக்கொள்ளும். நிறைய மணி சுமக்கும் கொசு குறைவாக முட்டையிடுகிறது, சீக்கிரம் சாகிறது. சில வகைகளில் வளர்ந்த உண்ணி, கொசுவின் முட்டையையும் புழுவையும் தின்னவும் செய்கிறது.

குளங்களில் இது தானாக நடக்கிறது. மனிதர்கள் திட்டம் போட்டு இதை நடத்த முடியுமா என்பதுதான் எங்கள் ஆய்வகத்தின் கேள்வி. எங்கள் மேலாளருக்கு இந்தக் கேள்வியில்தான் முடி நரைத்தது. நான் வாய்க்கால்களில் வலை போட்டு அள்ளி வந்து, தட்டில் ஊற்றி, பிரித்து, எண்ணி, எழுதி வைக்கிறேன். மறுநாளும் அதையே செய்கிறேன். ஊரில் இதை ஆராய்ச்சி என்கிறார்கள். இங்கே இதற்குச் செவ்வாய், புதன் என்று பெயர்.

ஏன் டப்பாவில் அனுப்ப முடியாது என்று மலருக்கு வரிசையாகச் சொன்னேன்.

ஒன்று, இதைப் பெருக்குவது கடினம். குஞ்சுக்கு உயிருள்ள கொசு வேண்டும். வளர்ந்த பிறகு வேறு சாப்பாடு. நடுவில் எதுவும் சாப்பிடாமல் அசையாமல் கிடக்கும் பருவம் ஒன்று உண்டு. அது உயிரோடு இருக்கிறதா என்று நமக்கே தெரியாது.

இரண்டு, இது பாசியும் மண்ணும் செடியும் உள்ள தண்ணீரில் வாழ்வது. டெங்குக் கொசு வளர்வது உன் நீல டிரம்மில். இரண்டுக்கும் பெரும்பாலும் சந்திப்பே கிடையாது.

மூன்று, ஒரு நாட்டுக் குளத்து உயிரை இன்னொரு நாட்டுக் குளத்தில் விட எந்த அரசாங்கமும் எளிதில் சம்மதிக்காது. சம்மதிக்கவும் கூடாது.

“நாலாவதும் இருக்கா? இருந்தா நாளைக்குச் சொல்லு, பால் பொங்குது” என்று மலர் போனை வைத்துவிட்டாள்.

இருந்தது. இத்தனை ஆண்டுகள் எண்ணிய பிறகும், இது வேலை செய்கிறது என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதுதான் நாலாவது.

3

வளைகாப்பு முடிந்து மலரை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். செம்பட்டியிலிருந்து உள்ளே போகும் சாலையில், எங்கள் தோட்டத்திலேயே வீடு. அப்பா மல்லிகை போட்டிருக்கிறார். ஓரத்தில் கத்தரி, வரப்பில் சில தென்னை. மலர் டவுனை விட்டுப் போனதில் எனக்குப் பாதி நிம்மதி. தோட்டத்தில் அக்கம்பக்கத்தில் காய்ச்சல் இல்லை. தண்ணீருக்குக் கிணறு இருப்பதால் டிரம் ஒன்றே ஒன்றுதான்.

கிணற்றடியில் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. மும்முனைக் கரண்டு வரும் நேரத்தில் மோட்டாரைப் போட்டு அதை நிரப்பிக்கொள்வார்கள். பிறகு வேண்டும்போது பூவுக்குத் திறந்துவிடுவார்கள். போன விடுமுறையில் நான் பெரும்பாலும் அந்தத் தொட்டி ஓரம்தான் உட்கார்ந்திருந்தேன். அடியில் சேறு, சுவரெல்லாம் பாசி, ஒரு மூலையில் தானாக முளைத்த கோரை. மேலே ஊசித்தட்டான்கள். அவற்றின் வயிற்றுக்கடியில் சிவப்பு மணிகள். ஒரு சொம்பில் மொண்டு பார்த்தால் கொசுப்புழு அநேகமாக இல்லை. தட்டானின் குஞ்சு, தவளை, சிற்றுண்ணி எல்லாம் சேர்ந்து வேலை பார்க்கும் தொட்டி அது. இங்கே நாங்கள் கண்ணாடிப் பெட்டியில் செய்து பார்த்துத் தோற்பதை, அங்கே யாரும் திட்டமிடாமல் ஒரு தொட்டி செய்துகொண்டிருந்தது.

அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார். “வந்த புள்ள வீட்டுக்குள்ள இருக்கா? அங்கயும் தண்ணிய மொண்டு பாக்குறா, இங்க வந்தும் தண்ணிய மொண்டு பாக்குறா.”

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவோம். என் மகள் யாழினிக்கு ஆறு வயது. தமிழ் புரியும். பதில் டச்சில் வரும். அந்த மொழியில் ஆமாம் என்பதற்கு ‘யா’.

“ஏலே தங்கம், சாப்டியா?” என்றார் அப்பா.

“யா.”

“தாத்தாவப் பாக்க வாரியா?”

“யா.”

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டியா? வார்த்தைக்கு வார்த்தை ‘ஐயா’ போடுறா எம் பேத்தி. நீ என்னைய ஒரு நாளாவது அப்படிக் கூப்புட்டிருக்கியா?”

“மரியாதை இருந்தாத்தான கூப்புடுறதுக்கு” என்றார் அம்மா.

எல்லோரும் சிரித்தோம். நான் விளக்கவில்லை. விளக்கினால் அப்பாவுக்கு ஒரு மரியாதை குறைந்துவிடும்.

4

சிற்றுண்ணி என்பது நான் படித்துத் தெரிந்துகொண்ட சொல். எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். விடுமுறையில் தொட்டியைக் காட்டி அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

“உண்ணியா? மாட்டு மடியில இருக்குமே, அதுவா?”

“அது பெருசுப்பா. அதுக்குத் தூரத்துச் சொந்தம். இது ரொம்பச் சின்னது, தண்ணிக்குள்ள இருக்கும். செவப்பா இருக்கும்.”

“செவப்பா, சின்னதான்னா செம்பேனு மாதிரியா?”

“ஆமா, அந்தச் சாதிதான்.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மோட்டாரில் ஏதோ சத்தம் வரவே எழுந்து போய்விட்டார். எனக்கும் ஒரு சொல் கிடைத்துவிட்ட திருப்தி.

மலர் தோட்டத்துக்கு வந்த வாரம் நான் வீட்டுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். அம்மாவுக்கு எழுத்தைவிடக் குரல் வசதி. செய்ய வேண்டியவற்றை ஒன்று, இரண்டு என்று சொன்னேன். டிரம்மைத் துணி கட்டி மூட வேண்டும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டைக் கொட்ட வேண்டும். சிரட்டை, டயர் எதையும் வெளியே போட்டு வைக்கக் கூடாது. மலர் பகலிலும் வலைக்குள் படுக்க வேண்டும், அந்தக் கொசு பகலில்தான் கடிக்கும். கடைசியாக, கிணற்றடித் தொட்டியை யாரும் தொட வேண்டாம், அதில் நல்ல செம்பேன் இருக்கிறது என்று சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் ‘நல்ல’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, நன்மை செய்வது. இன்னொன்று, ஏராளம்: நல்ல மழை, நல்ல அடி, நல்ல காய்ச்சல். நான் முதல் பொருளில் சொன்னேன். அவர்கள் இரண்டாவது பொருளில் கேட்டார்கள். இருபது நிமிடம் யோசித்துப் பேசிய செய்தியில் எனக்குச் சந்தேகமே வராத சொல் அது.

மல்லிகை போட்டவருக்குச் செம்பேன் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இலைக்கடியில் நூலாம்படை கட்டி, இலையை வெளுக்க வைத்து, மொட்டைக் கருக வைப்பது. ஒரு பருவத்துப் பூவை அப்படியே கொண்டுபோவது. அது தொட்டி நிறைய இருக்கிறது, யாரும் தொடாதீர்கள் என்று வெளிநாட்டில் படித்த மகள் சொன்னால் அப்பா என்ன செய்வார்?

5

“பின்ன? அன்னைக்கே தொட்டியத் தொறந்துவிட்டுட்டோம்ல” என்றார் அப்பா. அடுத்த ஞாயிறு. குரலில் பெருமை. “தண்ணி பூராத்தையும் ரோட்டுப் பக்கம் விட்டாச்சு. பூவுக்கு விடல, அது தெரியாதா எனக்கு? சேத்தை அள்ளி, பாசியச் சுரண்டி, கந்தகப் பவுடரக் கரைச்சு நாலு செவத்துக்கும் அடிச்சு, ரெண்டு நாள் வெயில்ல காயப்போட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சு, புதுத் தண்ணி விட்டாச்சு. தரை தெரியுது பாரு. செம்பேனு ஒன்னு இருக்குமா இப்ப?”

போனைத் திருப்பித் தொட்டியைக் காட்டினார். தரை தெரிந்தது.

யாழினி பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். என் கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, என் முகத்தைக் கண்டு உள்ளே போய்விட்டார்.

“ஏத்தா, லைன் இருக்கா?”

“இருக்குப்பா.”

“நீ தொடாதீங்கன்ன. உங்கம்மா கையுறை இல்லாமத் தொடாதீங்கன்னு சொல்றாப்புல நெனச்சா. அதனால கையுறை போட்டுத்தான் செஞ்சேன்.”

பூச்சிகளைப் படித்தவர்களுக்குத் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. உயிருள்ள தண்ணீரைக் கொன்றுவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டால், முதலில் திரும்பி வருவது கொசு. தட்டான் வரப் பல வாரம் ஆகும், அதன் குஞ்சு வளர அதைவிட அதிகம். தவளை தன் இஷ்டத்துக்கு வரும். சிற்றுண்ணி அதன் பிறகு, யார் மேலாவது ஏறிக்கொண்டு. கொசு மட்டும் அடுத்த நாளே வந்துவிடும்.

இதை அப்பாவிடம் நான் சொன்னது வேறு விதமாக. “அப்பா, நான் சொன்னது வேற செம்பேன். அது பூவுக்கு ஒன்னும் செய்யாது. கொசுவத்தான் பிடிக்கும்.”

“செம்பேனுல நல்ல செம்பேனு, கெட்ட செம்பேனு இருக்கா?”

“இருக்குப்பா.”

“அதை மொதல்லயே சொல்லப்படாதா தாயி?” என்றார்.

சொல்லியிருந்தேன். அதைச் சொல்லிக்காட்டவில்லை.

உடனே செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. கொசுப்புழு தின்னும் சின்ன மீன்களைச் சுகாதாரத்துறையில் கொடுப்பார்கள், இல்லையென்றால் வளர்ப்பவர் யாரிடமாவது கேட்டு வாங்கி விடுங்கள் என்றேன். அப்பா மறுநாளே அலைந்து திரிந்து ஒரு பாலிதீன் பையில் வாங்கி வந்தார். பிளீச்சிங் வாடை போகாத தண்ணீர். பாதி மீன் மிதந்துவிட்டது. மீதிப் பாதி தட்டுத்தடுமாறிப் பிழைத்தது. அதற்குள் அம்மா ஒரு வீடியோ அனுப்பினார். தொட்டித் தண்ணீரில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி, நிழல் பட்டதும் துள்ளி இறங்கின. எந்த வகைக் கொசு என்று அந்த வீடியோவைப் பலமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கினால் புள்ளிகள்தான் பெரிதாயின.

“பொழுதானா பிச்சுப் புடுங்குதுடி” என்றார் அம்மா. “முன்னாடி இம்புட்டு இல்ல.”

6

மலருக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் மழையில் நனைந்தது என்றார்கள். அடுத்த நாள் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அவளே சொன்னாள். போன தடவை எப்படி வலித்தது என்று அவளுக்கு நினைவிருந்தது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவை அவள் கணவர் செந்தில் படம் பிடித்து அனுப்பினார். நூற்பாலையில் வேலை பார்ப்பவர், எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்ல மாட்டார். படத்துக்குக் கீழே ‘டெங்குதான் மதினி’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஒட்டுச்சீட்டு அலுவலகத்தின் இணையதளத்தில் அடுத்த நேரம் பத்து நாள் தள்ளிக் காட்டியது. போனில் அழைத்தேன், இசை கேட்டேன், மறுபடி அழைத்தேன். அவசரம் என்றால் நேரில் வரச் சொன்னார்கள். யாழினியைப் பள்ளியிலிருந்து பாதியில் கூட்டிக்கொண்டு ரயிலேறிப் போனேன்.

அலுவலகச் சாளரத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண். பொறுமையானவர். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். ஆண்டுக்கணக்காக இந்த மொழியில் பேசுகிறேன், இந்த வாக்கியத்தைப் பல முறை சொல்லியிருக்கிறேன். அன்று பதற்றத்தில் வாய் ஊர் வாயாகிவிட்டது. டச்சு மொழியில் உண்ணிகளுக்கு ‘மெய்ட்டன்’ என்று பெயர். ‘மெய்டன்’ என்றால் இளம்பெண்கள். நமக்கு இருப்பது ஒரே ‘ட’. சொல்லின் நடுவில் வந்தால் நாம் கேட்காமலே அது மென்மையாகிவிடும். அழுத்தி இரட்டிக்க மறந்தேன்.

“ஆய்வகத்தில் இளம்பெண்களை வளர்க்கிறேன். கொசுக்கள் மேல் விடுவதற்கு” என்று அந்த அம்மாளிடம் தெளிவாகச் சொன்னேன்.

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். யாழினிதான் சாளரத்தின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, நல்ல டச்சில், “உண்ணி. அம்மாவுக்கு அந்த எழுத்து வராது” என்றாள்.

அந்தப் பெண் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். பிறகு அவர் வேலைக்குத் திரும்பி, நோயாளி எனக்கு என்ன உறவு என்று கேட்டார். தங்கை என்றேன். அவசரம் என்ற வகையில் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் மட்டும் வருவார்கள் என்றும், உடன்பிறந்தவர்கள் வரமாட்டார்கள் என்றும், தனக்கு வருத்தம் என்றும் சொன்னார். வருத்தம் உண்மையானது. குறித்த நாளில் வரச் சொன்னார்.

ரயிலில் யாழினி கேட்டாள், தமிழும் டச்சுமாக. “மலர் சித்திக்கு உண்ணியா?”

“இல்ல. கொசு.”

“நீ கொசுவுக்குத்தானே டாக்டர்?”

“கொசுவுக்கு இல்ல. உண்ணிக்கு.”

“அப்போ கொசுவுக்கு யாரு?”

வெளியே வயல், வாய்க்கால், வயல், வாய்க்கால் என்று போய்க்கொண்டிருந்தது. எல்லா வாய்க்காலிலும் நான் வலை போட்டிருக்கிறேன்.

7

மலருக்குக் காய்ச்சல் விட்ட நாள்தான் ஆபத்தான நாள். விட்டுவிட்டதே என்று வீட்டில் நினைப்பார்கள். தட்டணுக்கள் இறங்குவதும், ரத்தக் குழாய்கள் கசிவதும் அப்போதுதான். மருத்துவர்கள் வேளைக்கு வேளை ரத்தம் எடுத்தார்கள். குழந்தையின் துடிப்பைக் கேட்டுவிட்டு நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். நான் ஆய்வகத்தில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எதையும் எண்ணாமல் இருந்தேன்.

மத்தியானம் செந்தில் அழைத்தார். “மதினி, மாமாகிட்டச் செத்தப் பேசுங்க. நேத்துலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. வராந்தாவுல உக்காந்தவரு உக்காந்தவருதான். அத்தை சொல்லியும் கேக்கல. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு.”

அப்பா போனை வாங்கினார். வழக்கமாக வேகமாகப் பேசுபவர். பின்னால் வண்டிச் சத்தம், யாரோ ஒரு நர்ஸ் பெயரைக் கூப்பிடும் சத்தம்.

“ஆத்தா, ஒன்னு கேக்குறேன். மறைக்காமச் சொல்லு. அந்தத் தொட்டிக் கொசுதானா?”

அப்பா நாளிதழில் பூ விலையைத் தாண்டி எதுவும் படிப்பதில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரியாது. டெங்குக் கொசு சிமெண்டுத் தொட்டியிலும் முட்டையிடும். பாசி பிடித்த தொட்டியைவிடத் தேய்த்துக் கழுவி நல்ல தண்ணீர் விட்ட தொட்டி அதற்கு வசதி. காய்ச்சலுக்கு ஒரு வாரம் முன்பு மலர் ஸ்கேன் எடுக்கத் திண்டுக்கல் போய், நாகல் நகர் வீட்டில் ஒரு பகல் படுத்திருந்துவிட்டும் வந்தாள். அங்கே கடித்திருக்கலாம். மருத்துவமனை வரிசையில் கடித்திருக்கலாம். தோட்டத்தில் கடித்திருக்கலாம், ஆனால் பக்கத்தில் வேறு யாருக்கும் காய்ச்சல் இல்லை, கொசுவுக்கு நோய் எங்கிருந்து கிடைத்தது? அம்மா அனுப்பிய வீடியோவில் புழு எந்த வகை என்று தெரியவில்லை. அறிக்கையாக இருந்தால் ‘உறுதி செய்ய இயலவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

“ஆத்தா?”

“இல்லப்பா.”

“இல்லையா?”

“இல்ல. அது வேற கொசு. தொட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“நெசமாச் சொல்றியா? எனக்காகச் சொல்றியா?”

“நான் இதுக்குத்தானப்பா படிச்சேன்.”

அப்பா போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, “ஏப்பா மாப்ள, கீழ கடையில இந்நேரத்துக்கு இட்லி இருக்குமா?” என்று கேட்டார்.

8

தட்டணுக்கள் இறங்கின, ஓரிடத்தில் நின்றன, பிறகு ஏறின. ஏறிவிட்டது என்று மருத்துவர் சொன்ன அன்று மலரே போன் செய்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. ஆனால் அவள் குரல்தான்.

“உள்ள உன் மக உதைக்கிறா. மகளோ மகனோ.”

“சாப்டியா?”

“கஞ்சி. தொட்டுக்க வெஞ்சனம் ஒன்னும் கண்ணுல காட்ட மாட்டேங்குறாங்க. நீ வரலையா?”

“வெள்ளிக்கிழமை சீட்டு குடுப்பாங்க. அப்புறம் டிக்கெட் போடலாம்.”

“இப்ப எதுக்கு? பிரசவத்துக்கு வா. உனக்கு ரெண்டு தடவை லீவு தருவானா?”

தரமாட்டார்கள். அவளுக்கு அது தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியம்.

மலர் குரலைத் தாழ்த்தி, “அக்கா, அப்பாகிட்ட வேற கொசுன்னு சொன்னியாமே. அது நெசமா?” என்றாள்.

நான் காரணங்களை வரிசைப்படுத்த ஆரம்பித்தேன். ஒன்று என்று தொடங்கி நிறுத்திவிட்டேன்.

“தெரியல மலரு.”

“அப்படித்தான் நெனச்சேன்.” சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்தது. “எங்கிட்டத் தெரியலன்னு சொல்லு, நான் தாங்கிக்குவேன். அவருகிட்ட மட்டும் மாத்திப் பேசிராத.”

“மாட்டேன்.”

“நாலு இட்லி தின்னாருக்கா அன்னைக்கு. நான் இங்க சாகக் கெடக்கேன், இந்த மனுசன் சட்னி பத்தலன்னு சண்டை போட்டாராம்.”

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண் ஒருவர் காய்ச்சலோடு இருந்தார். அவர் கணவரிடம் அப்பா பேசிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு மெதுவாகப் பேச வராது.

“எம் மூத்த மக கொசு டாக்டரு. வெளிநாட்டுல. அவளே சொல்லிட்டா, எங்க தொட்டிக் கொசு வேற, இது வேறன்னு. நானும் கெடந்து தவிச்சுப் போயிட்டேன்.”

“ஏனுங்க, லைன்ல இருக்கறது அவங்கதானுங்களா?” என்று இன்னொரு குரல். “எங்களுதையும் ஒரு வார்த்தை கேக்கலாமுங்களா?”

“அப்பா, வேணாம், விடுங்க” என்றாள் மலர். அதற்குள் போன் கைமாறிவிட்டது.

“வணக்கமுங்க. என் சம்சாரத்துக்குக் காய்ச்சலுங்க. எங்க வீட்டு வாசல்ல ஒரு தொட்டி இருக்குதுங்க. ரெண்டு வாரமா நாந்தானுங்க கழுவாம விட்டுட்டேன். அதனாலதானுங்களா?”

மேசை மேல் தட்டில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. அதை ஓரமாக நகர்த்திவிட்டு, “எத்தனாவது நாள் காய்ச்சல்? டாக்டர் என்ன சொன்னாங்க? மொதல்ல அதைச் சொல்லுங்க” என்றேன்.